துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்

2025 அக்டோபரில், ஊழலை விசாரிக்கிற லோக்பால் அமைப்பு ஒரு டெண்டர் விட்டது. ஏழு பி.எம்.டபிள்யூ கார் வேண்டுமாம். ஒன்று ஏறக்குறைய 70 லட்சம். தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று. காரை விற்கிற கம்பெனியே லோக்பால் டிரைவர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் பயிற்சியும் தர வேண்டும் என்பது நிபந்தனை. நியாயம்தானே? லஞ்சம் வாங்குகிறவன் நல்ல காரில் போகிறான். துரத்துகிறவர் ஷேர் ஆட்டோவிலா போவார்?

இந்த லோக்பாலுக்காகத்தான் 2011 ஆகஸ்டில் அண்ணா ஹசாரே என்ற முதியவர் 16ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதிவரை பட்டினி கிடந்தார். திகார் ஜெயிலில் தொடங்கி ராம்லீலா மைதானத்தில் முடிந்த பட்டினி அது. தலையில் ‘நான் அண்ணா’ என்று எழுதிய குல்லாயோடு நடுத்தர வர்க்கம் குடும்பம் குடும்பமாக வந்து போயிற்று. குழந்தையின் கன்னத்தில் மூவர்ணம் பூசிக் கூட்டிவந்தார்கள். ஆங்கில சேனல்கள் கிரிக்கெட் மேட்சை மறந்துவிட்டு இதைக் காட்டின. லோக்பால் வந்துவிட்டால் தாசில்தார் ஆபீசில் டீக்காசுகூடக் கேட்கமாட்டார்கள் என்று படித்தவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

சட்டம் 2013 டிசம்பரில் வந்தது. ஆள் 2019 மார்ச்சில் வந்தார். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலி காலி. அந்த ஐந்து வருஷம் மைதானத்தில் அந்தப் பழைய குல்லாய்க் கூட்டத்தைக் காணோம்.

அந்த மைதானத்திலிருந்து கிளம்பிய கட்சிதான் ஆம் ஆத்மி. 2012 நவம்பர் 26, அரசியல் சாசனம் ஏற்கப்பட்ட அதே தேதியில் பிறந்தது. சின்னம் துடைப்பம். ‘இப்படித் திடீரென்று முளைக்கிற இயக்கம் தேர்தல் அரசியலில் நிலைக்குமா?’ என்று அன்றைக்கு மைக் பிடித்துக் கேட்ட நிபுணர்கள் இன்றைக்கும் அதே மைக்கில் அதையே கேட்கிறார்கள். நிலைக்கும் ஐயா, நன்றாகவே நிலைக்கும். என்ன வேண்டும் என்று கேட்டு வந்தார்களோ, அதை முதல் வேலையாகக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் தேர்தலிலேயே, 2013 டிசம்பரில், டெல்லியில் 70க்கு 28. காங்கிரஸ் ஆதரவு வாங்கமாட்டேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருந்தார் கட்சியின் ஒருங்கிணைப்பாளர் அரவிந்த் கேஜ்ரிவால். ஆதரவு தேவைப்பட்டதும் எஸ்.எம்.எஸ். அனுப்பி மக்களையே கேட்டார். மக்கள் வாங்கிக்கொள் என்றார்கள். சத்தியத்தை உடைக்கிற பாவத்தை லட்சக்கணக்கானவர் தலையில் சமமாகப் பிரித்துக் கொடுத்ததுதான் அந்தக் கட்சி செய்த முதல் அதிகாரப் பரவல். மெட்ரோ ரயிலில் போய்ப் பதவியேற்றார். ஜனவரிக் குளிரில், முதல்வராக இருந்துகொண்டே ரயில் பவன் பக்கத்து ரோட்டில் படுத்துத் தர்ணா செய்தார். 49ஆம் நாள் ராஜினாமா. அந்த 49 நாளுக்குள் அவருக்கு இரண்டு ஐந்தறை வீடுகளைச் சேர்த்து ஒதுக்கப் பார்த்தார்கள். ஊர் முணுமுணுத்ததும் வேண்டாம் என்றார். இந்த வீட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 2012 செப்டம்பர் 10 அன்று கூடங்குளம் கடற்கரையில் அணு உலையை எதிர்த்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. மறுநாள் கேஜ்ரிவால் இடிந்தகரையில் இருந்தார். அவர் முன்னிலையில் சரணடையப் போகிறேன் என்று போராட்டத் தலைவர் சுப. உதயகுமார் மேடையில் அறிவிக்க, ஊர் இளைஞர்கள் அவரைத் தூக்கிப்போய்ப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்கு சுமந்தபோது, டெல்லியிலிருந்து தோள் கொடுக்க ஒருவர் வந்தார் என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. நம்பினார்கள். 2014இல் உதயகுமார் கன்னியாகுமரியில் துடைப்பம் சின்னத்தில் நின்றார். போராட்டக் குழுவின் மற்றவர்கள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் நின்றார்கள். தோற்றார்கள். நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் ஆள் நிறுத்திய கட்சிக்குக் கிடைத்தது நாலு, நாலும் பஞ்சாபில். மற்ற எல்லா இடத்திலும் கட்சிக்குச் செலவானது உள்ளூர்க்காரர்களின் பல வருஷப் போராட்டப் பெயர். அந்த அக்டோபரிலேயே உதயகுமார் விலகிவிட்டார். அணுசக்தியைப் பற்றிக் கட்சி என்ன நினைக்கிறது என்று கேட்டால், முனிசிபாலிட்டிக் குழாயில் வரும் சத்தம்தான் பதிலாக வந்தது. தண்ணீர் வரவில்லை.

2015 பிப்ரவரியில் டெல்லி 70க்கு 67 கொடுத்தது. ஒரு கட்சிக்கு ஒரு ஊர் இதற்குமேல் எதுவும் கொடுக்க முடியாது. சட்டசபையில் எதிர்க்கட்சி உட்கார ஒரு பெஞ்சு போதும். சரி, இனி வெளியே எதிரி இல்லை, என்ன செய்வது? உள்ளே தேடினார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நான் ஒவ்வொரு புதுக்கட்சித் தொண்டனுக்கும் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். லோக்பால் கேட்டுப் பிறந்த கட்சி, தனக்குள்ளேயே ஒரு லோக்பால் வைத்திருந்தது. கடற்படையின் முன்னாள் தளபதி அட்மிரல் ராம்தாஸ். கட்சிக்காரர் தப்பு செய்தால் இவரிடம் சொல்லலாம். உலகத்துக்கே முன்மாதிரி! 2015 மார்ச் 28 அன்று கட்சியின் தேசிய கவுன்சில் கூட்டம். பதவியேற்று ஆறு வாரம் ஆகிறது. கூட்டத்துக்கு நீங்கள் வரவேண்டாம், வந்தால் தேவையில்லாத சங்கடம் என்று லோக்பாலுக்குத் தகவல் போனது. அவர் இல்லாத கூட்டத்தில், கட்சியைத் தொடங்கியவர்களில் இருவரான யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் தேசிய நிர்வாகக் குழுவிலிருந்து தூக்கினார்கள். உள்ளே அடியாட்களை நிறுத்தியிருந்தார்கள் என்று வெளியே வந்தவர்கள் புகார் சொன்னார்கள். மறுநாள் அட்மிரலுக்குப் பதிலாக வேறு ஆட்களை லோக்பாலாகப் போட்டாயிற்று. ஊழலைக் கண்காணிக்க ஒரு சுதந்திர அமைப்பு வேண்டும் என்று நாட்டையே உலுக்கிய கட்சி, தன் கண்காணிப்பாளரை ஒரே ராத்திரியில் மாற்றியது. காங்கிரசுக்கு லோக்பாலை இழுத்தடிக்க 40 வருஷத்துக்குமேல் ஆயிற்று. இவர்களுக்கு ஆறு வாரம். திறமை என்றால் இது.

லஞ்சம் கேட்கிறவன் பேச்சை மொபைலில் பதிவு செய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் கேஜ்ரிவால். அந்த மார்ச்சில், தன் பழைய தோழர்களை அவர் கெட்ட வார்த்தையில் வாரித் தூற்றும் பதிவு ஒன்று வெளிவந்தது. மாணவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. நன்கொடை தந்தவர் பட்டியலை இணையத்தில் பகிரங்கமாக வைத்திருந்தார்கள், 2016இல் அது காணாமல் போயிற்று. கிராமத்தில் ஒரு குழாய் போடுவதைக்கூட மக்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ‘ஸ்வராஜ்’ புத்தகம் எழுதியவரின் கட்சியில், ஒருங்கிணைப்பாளர் தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 2021இல் விதி போய்விட்டது, ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். டெல்லிக்கு முழு மாநில அந்தஸ்து கொடு என்று தொண்டை வறளக் கத்தியவர்கள், 2019 ஆகஸ்டில் இருந்த ஒரு மாநிலத்தை யூனியன் பிரதேசமாக உடைத்தபோது கைதட்டினார்கள். காஷ்மீருக்கு ஒரு துணைநிலை ஆளுநர் போகிறார் என்றால், அவர் எப்படிப்பட்ட பிராணி என்று இந்தியாவிலேயே நன்றாகத் தெரிந்த கட்சி இதுதான்.

2020 பிப்ரவரி 11 அன்று 62 இடத்தில் ஜெயித்தார்கள். இரண்டு வாரத்தில் வடகிழக்கு டெல்லி பற்றி எரிந்தது. செத்தவர்கள் 53 பேர். போலீஸ் கையில் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது, உண்மை. ஆனால் ஓட்டுப் போட்ட ஜனம் கையில் இருந்ததே. 62 எம்.எல்.ஏ.க்களும் ஆளுக்கொரு தெருமுனையில் போய் நின்றிருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன் போலீஸை எதிர்த்து ரோட்டில் படுத்த முதல்வர், சகாக்களோடு காந்தி சமாதிக்குப் போய்க் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தார். செத்தவர்களை எண்ணி முடிப்பதற்குள், மாணவர் தலைவராக இருந்த கன்னையா குமார் மீதான தேசத்துரோக வழக்கை நடத்த அவர் அரசு அனுமதியும் கொடுத்தது. இடிந்தகரையில் தேசத்துரோக வழக்குக்காரர்கள் பக்கத்தில் நின்ற அதே மனிதர். 2022இல் ரூபாய் நோட்டில் லட்சுமி, பிள்ளையார் படம் போட்டால் பொருளாதாரம் தேறும் என்று பிரதமருக்கு யோசனை சொன்னார். அவர் படித்தது ஐ.ஐ.டி., பார்த்த வேலை வருமான வரித்துறை. இரண்டு இடமும் என்னை மன்னிக்கட்டும்.

இந்த இடத்தில் ‘இத்தனைக்கும் பள்ளிக்கூடம் கட்டினாரே’ என்று ஒருவர் எழுந்து கேட்பார். கட்டினார். அரசுப் பள்ளிகளைச் சீர்படுத்தினார், மொஹல்லா கிளினிக் திறந்தார், 200 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்றார். பொய்யில்லை. 2022 ஏப்ரலில் நம் முதல்வராக அன்று இருந்த ஸ்டாலினே டெல்லிக்குப் போய் அந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார். செப்டம்பரில் கேஜ்ரிவால் சென்னைக்கு வந்து தகைசால் பள்ளிகளையும் புதுமைப்பெண் திட்டத்தையும் தொடங்கிவைத்தார். நல்ல காரியத்தை யாரிடமிருந்தும் காப்பியடிக்கலாம். ஆனால் ஒரு நல்ல கார்ப்பரேஷன் கமிஷனர் செய்யக்கூடியதைச் செய்வதற்கா அத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள், வேலையை விட்டார்கள், அமெரிக்காவிலிருந்து ஃபிளைட் பிடித்து வந்து வாசல் வாசலாய் நோட்டீஸ் கொடுத்தார்கள்?

புதிய இயக்கம் நிலைக்க முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1949 செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. முதல் பொதுத்தேர்தலில் நிற்கவேயில்லை. தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்று 1956இல் திருச்சி மாநாட்டில் வந்தவர்களிடமே பெட்டி வைத்து ஓட்டு வாங்கியது. 1957இல் 15, 1962இல் 50, 1967இல் ஆட்சி. அந்தப் பதினெட்டு வருஷமும் முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும் ஒருவன் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். தலைவன் ஜெயிலுக்குப் போனாலும் அந்தப் பத்துப் பேர் கலையமாட்டார்கள். ஆம் ஆத்மி பிறந்து பதிமூன்று மாதத்தில் ஆட்சியில் இருந்தது. படிப்பகம் வைக்க நேரமேது? வாட்ஸ்அப் இருந்தது. (தி.மு.க. அதற்கப்புறம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை, அதை எழுத வேறு வயிறு வேண்டும்.) அசாமில் மாணவர்கள் 1985 அக்டோபரில் கட்சி தொடங்கி டிசம்பரில் ஆட்சியைப் பிடித்தார்கள். ஹாஸ்டல் அறையிலிருந்து நேராக முதல்வர் அறை. அந்த அசாம் கண பரிஷத் இன்றைக்கு பா.ஜ.க. வண்டியின் பின்சீட்டில் இருக்கிறது. ஆந்திராவில் என்.டி.ஆர். ஒன்பதே மாதத்தில் காங்கிரசைக் கவிழ்த்தார். கட்சி இன்றைக்கும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1995இல் மருமகன் மாமனாரைக் கவிழ்த்ததால் இருக்கிறது.

இத்தனை சொல்லிவிட்டு மோடி அரசு செய்ததைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு குல்லாய் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2023 மே 11 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, டெல்லி அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குக் கீழ்தான் என்றது. எட்டே நாளில் அவசரச் சட்டம் வந்து தீர்ப்பைச் சுருட்டி வைத்தது. மதுபானக் கொள்கை வழக்கில், துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா விசாரணை தொடங்காமலே 17 மாதம் ஜெயிலில் இருந்தார். 2024 மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவிப்பு, 21ஆம் தேதி முதல்வர் கைது. ஓட்டுப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டுப் போட்டியாளரைப் பூட்டி வைக்கிற ஜனநாயகம். உள்ளேயிருந்தபடியே கேஜ்ரிவால் முதல்வராக நீடித்தார், ஜாமீனில் வந்த பிறகுதான் ராஜினாமா. அதிஷி முதல்வரானார், பக்கத்தில் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்து, ராமன் பாதுகையை வைத்து ஆண்ட பரதனைப்போல ஆள்வேன் என்றார். இந்தக் காட்சிக்கான உரிமை தேனி மாவட்டத்தில் ஒருவரிடம் இருக்கிறது. ராயல்டி போனதாகத் தகவல் இல்லை. வழக்கில் பணம் கைமாறியதா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு முதல்வரைத் தேர்தல் நேரத்தில் ஜெயிலில் போட்டபோது ராம்லீலா மைதானத்தை நிரப்பக் கூட்டணிக் கட்சிகள் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. 2011இல் தானாக வந்த கூட்டம் எங்கே? 2015 மார்ச்சில் வெளியே அனுப்பியாயிற்றே.

இப்போது அந்த வீடு. முதல்வரின் ஃபிளாக்ஸ்டாஃப் ரோடு பங்களாவைப் புதுப்பித்ததற்கு ஆன செலவு 33 கோடிக்குமேல் என்றது தணிக்கை அறிக்கை. முதலில் போட்ட மதிப்பீடு எட்டுக் கோடிக்கும் குறைவு. பா.ஜ.க. அதைக் ‘கண்ணாடி மாளிகை’ என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாய் விற்றது. புது நாடாளுமன்றமும் பிரதமருக்குப் புது வீடும் என்று ஆயிரம் கோடிக் கணக்கில் திட்டம் போட்டவர்கள் திரைச்சீலைக் கணக்கு கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு யோக்கியதை உண்டா என்றால் இல்லை. பதில் சொல்ல இவர்களிடம் வாய் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஊழல் பெருச்சாளி என்று பெயர் எடுத்த கட்சி நூறு கோடியில் மாளிகை கட்டினால் ஜனம் கொட்டாவி விடும். துடைப்பம் பிடித்து வந்தவன் வீட்டுத் திரைச்சீலைக்கு மட்டும் மீட்டர் கணக்கில் விலை கேட்கும். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயமான தராசைக் கொண்டுவந்து நட்டுவைத்தது அவர்களேதான்.

2025 பிப்ரவரி 5 ஓட்டுப்பதிவு. அதற்கு நாலு நாள் முன்னால் மத்திய பட்ஜெட், 12 லட்சம்வரை வருமான வரி இல்லை என்றது. 2011இல் குல்லாய் போட்ட வர்க்கத்துக்கு விலை தெரிந்துவிட்டது. பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22. புதுடெல்லியில் கேஜ்ரிவால் தோற்றார், ஜங்புராவில் சிசோடியா 675 ஓட்டில் தோற்றார். ஆனாலும் கட்சிக்கு 43 சதவீதத்துக்குமேல் ஓட்டு. இரண்டு சதவீதத்தில் போன ஆட்சி அது. ஆகவே ‘இயக்கம் செத்தது’ என்று மைக் பிடிக்கிறவர்களும் அவசரப்பட வேண்டாம்.

இந்த இயக்கத்தால் நிலையாக ஒன்று நடந்திருக்கிறது. அந்தத் தேர்தலில் யாராவது லோக்பால் பற்றிப் பேசினார்களா? ஸ்வராஜ்? மொஹல்லா சபை? மேடையில் ஏலம் நடந்தது. பெண்களுக்கு மாதம் 2,100 என்றது ஆம் ஆத்மி. 2,500 என்றது காங்கிரஸ். 2022இல் இலவசங்களை ‘ரேவடி’, அதாவது திருவிழா மிட்டாய், நாட்டுக்கே ஆபத்து என்று எச்சரித்த பிரதமரின் கட்சி, தானும் 2,500 என்று கையைத் தூக்கியது. கேஜ்ரிவாலின் இலவச மின்சாரமும் பெண்களுக்கான இலவச பஸ்ஸும் அப்படியே தொடரும் என்றும் சேர்த்துச் சொன்னது. பெண்ணின் கையில் பணம் போவதைப் பழிக்கிற ஆள் நானில்லை, அது அவள் பணம். ஆனால் நாட்டைக் கூட்டிப் பெருக்க வந்தவர்கள் இத்தனை வருஷத்தில் மற்ற கட்சிகளுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு பாடத்தைத்தான்.

ஜெயித்த பா.ஜ.க., மகளிர் தினமான மார்ச் 8 அன்று முதல் தவணை வரும் என்று சொல்லியிருந்தது. மார்ச் 8 வந்தது. பணம் வரவில்லை, திட்டத்தை ஆராய ஒரு கமிட்டி வந்தது. 2,500 எங்கே என்று ஆம் ஆத்மிக்காரர்கள் அட்டை பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். நல்ல கேள்வி, நியாயமான கோபம். பஞ்சாபில் 2022 தேர்தலுக்காக இதே கட்சி பெண்களுக்குச் சத்தியம் செய்த மாதம் 1,000 ரூபாய், மூன்று வருஷமாகியும் அன்றைய தேதிவரை ஒருத்திக்கும் போய்ச் சேரவில்லை. அதற்கு இவர்கள் யாரும் அட்டை பிடிக்கவில்லை. அங்கே ஆட்சியில் இருந்தது அவர்கள்.